வீட்டு வீடியோவும் தரம் என்ற பிரச்னையும்

1

தரம் என்ற சொல்லைத் தமிழ் விமர்சனத்தில் விடாமல் வற்புறுத்தியவர் க.நா.சு. அவருக்குப் பின் நடந்த சர்ச்சைகளில் அச்சொல் இலக்கியப் படைப்போடு மட்டுமே ஒட்டிக்கொண்டுவிட்டது. சாதனங்களுக்கும் தரம் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் எதை முக்கியம் என்றும் எதை விட்டுவிடலாம் என்றும் தீர்மானித்தார்களோ அதிலிருந்து அது பிறக்கிறது. அத்தீர்மானங்களுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் வீடுகளில் பீரோவுக்கு மேல் கிடக்கும் வீடியோ காஸெட்டுகளையும், அவற்றிலிருந்து எடுத்த சி.டி., டிவிடி தகடுகளையும் முன்வைத்து, அந்தச் சரித்திரத்தில் ஒரு பகுதியை இங்கு பார்க்க முயல்கிறேன்.

கேள்வி எளிமையானது. கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி, குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டேப்பில் பிடித்ததைத் தகட்டுக்கு மாற்றும்போது படம் ஏன் மங்குகிறது? ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது? தெளிவாகப் பெற என்ன வழி? இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கடைசிக் கட்டத்தில்தான் கேட்கிறார்கள்: எந்தக் கம்பெனித் தகடு வாங்கலாம், எந்த வேகத்தில் பதியலாம் என்று. அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருக்கும். டேப்பில் இல்லாத எதையும் தகட்டில் சேர்க்க முடியாது. காமிராவிலிருந்து தகடு வரையிலான ஒவ்வொரு படியிலும் எதை இழப்பது என்ற முடிவு மட்டுமே நடக்கிறது. ஆகவே இங்கு தரம் என்பது இழப்பைத் தேர்ந்துகொள்ளும் முறை. அந்தத் தேர்வை வேறு யாரோ, வேறு எதையோ மனதில் வைத்து, நமக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்பது என் கட்சி. படத்தை மேம்படுத்துவது என்பது, அந்தத் தேர்வை முடிந்த அளவு நம் கைக்கு மீட்பதுதான்.

2

டெலிவிஷன் பிறக்கும்போதே பாதிப் படத்தை விட்டுவிட்டுத்தான் பிறந்தது. படத்தின் வரிகளை ஒற்றை வரி, இரட்டை வரி எனப் பிரித்து, ஒருமுறை இவற்றையும் மறுமுறை அவற்றையும் அனுப்பினால், பாதித் தகவலைக் கொண்டே கண்ணுக்குத் துடிப்பில்லாத படத்தைக் காட்டிவிடலாம். 1930-ல் ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டரும், 1932-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ.வின் ராண்டால் பாலர்டும் இந்த உபாயத்தைக் கண்டார்கள். இந்தியாவுக்கு வந்த பால் முறையில் 625 வரிகள்; கண்ணுக்குத் தெரிபவை 576; வினாடிக்கு 50 அரைப்படங்கள். இந்த அரைப்படம் என்ற சங்கதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தகட்டுக்கு மாற்றும்போது அது மறுபடியும் வந்து நிற்கும்.

நிறத்திலும் இதே கணக்குதான். கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்தறியும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாக அறியாது. எனவே 1953-ன் அமெரிக்கக் கலர் முறையிலும், பின்னர் ஜெர்மனியில் வால்டர் புரூஹ் வகுத்த பால் முறையிலும் நிறத்துக்குக் குறுகலான இடமே ஒதுக்கப்பட்டது. அதாவது, பார்ப்பவனின் கண் எதைக் கவனிக்காது என்பதை அளந்து, அந்தக் கவனமின்மையின் மேல் கட்டப்பட்ட கலை சாதனம் இது.

டேப்பில் படம் பதிவது 1956-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காட்டிய இயந்திரத்தோடு காரிய சாத்தியமாயிற்று. இரண்டு அங்குல அகல டேப். பீரோ அளவுக்கு இயந்திரம். டெலிவிஷன் நிலையங்களுக்கு மட்டும். வீட்டுக்கு அது வந்துசேர இருபது வருஷம் ஆயிற்று. 1975-ல் ஸோனியின் பீட்டாமேக்ஸ், ஒரு மணி நேரம். 1976-ல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ்., இரண்டு மணி நேரம். வெற்றி இரண்டாவதற்குப் போனதற்குக் காரணங்கள் பல. அந்த அதிகப்படி ஒரு மணி நேரம் அவற்றில் முக்கியமானது. ஒரு சினிமா முழுதாக ஒரே காஸெட்டில் அடங்க வேண்டும். அதற்காக டேப் மெதுவாக நகர வேண்டும். பால் வி.எச்.எஸ்.ஸில் டேப்பின் வேகம் வினாடிக்கு 2.34 சென்டிமீட்டர். ஒளிபரப்பில் 5 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வந்த வெளிச்ச விவரம் டேப்பில் 3 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒடுங்கிற்று. நிறம் 627 கிலோஹெர்ட்ஸ் என்ற அடித்தளத்துக்குத் தள்ளப்பட்டது. ஒரு வரியின் குறுக்கே சில பத்து நிறமாற்றங்களுக்கு மேல் அது தாங்காது. சிவப்புக் கூறைப்புடவையின் நிறம் கரையைத் தாண்டி வழிந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வெள்ளை வேட்டியில் ஏறுவது இதனால்தான்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இயந்திரம் டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பிடித்துவைக்கவும் சினிமா பார்க்கவும் வகுக்கப்பட்டது. வீட்டு விசேஷத்தைப் பிடிப்பது பிறகு வந்து சேர்ந்த உபயோகம். தெளிவைக் காட்டிலும் நேரம் பெரிது என்ற முதல் முடிவு வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்டது. வீட்டுக்காரன் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டான்.

1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளோடு இந்தியாவில் கலர் டெலிவிஷன் வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் கல்யாண மண்டபங்களில் வீடியோக்காரரும் அவருடைய விளக்கும் நிலைபெற்றுவிட்டார்கள். மண்டபத்தில் எடுத்த மூல டேப்பைக் கடையில் இரண்டு டெக்குகளுக்கிடையே ஓட்டி, பெயர் போட்டு, இதய வடிவத்தில் படம் மாறும் வித்தைகளைச் சேர்த்து, சினிமாப் பாட்டை ஒட்டித் தயாரிப்பார்கள். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அதிலிருந்து எடுத்த நகல், அதாவது மூன்றாம் தலைமுறை. மூல டேப் கடையிலேயே தங்கி, அடுத்த முகூர்த்தத்துக்கு அழிக்கப்படும். அனலாக் டேப்பில் ஒவ்வொரு நகலும் புள்ளி புள்ளியான இரைச்சலைக் கூட்டும், விளிம்புகளைக் கரைக்கும். தகடு என்ற பேச்சு எழுவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, தகட்டின் தரத்தில் பெரும்பங்கு இப்படித் தீர்மானமாகிவிட்டது.

3

தகட்டில் தெரியும் கட்டங்களின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 1972-ல் அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த நசீர் அகமது, படத் தகவலைச் சுருக்கும் ஒரு கணித உபாயத்தை ஆராய நேஷனல் சயன்ஸ் ஃபவுண்டேஷனிடம் பண உதவி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளியது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அகமது பெங்களூரில் பிறந்து படித்தவர். உதவி கிடைக்காமலே, தன் ஆய்வு மாணவர் டி. நடராஜனோடும், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் இருந்த கே.ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்தார். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-ல் பொறியியல் பட்டம் பெற்றவர். மூவரின் கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. நான்கே பக்கம். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற அந்த உபாயம் இன்றி ஜேபெக் படமோ விசிடியோ டிவிடியோ இல்லை.

உபாயத்தின் சாரம் இது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக அறுக்க வேண்டும். ஒரு சதுரத்தில் 64 வெளிச்ச அளவுகள். அவற்றை வேறு 64 எண்களாக மாற்றினால், முதல் எண் சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்தவை பெரிய, மெதுவான மாற்றங்களை. கடைசியில் வருபவை மிக நுணுக்கமான மாற்றங்களை. இதுவரை எதுவும் தொலையவில்லை. திரும்ப மாற்றினால் பழைய படம் கிடைத்துவிடும். ஆனால் சாதாரணப் படங்களில் பின்வரும் எண்கள் மிகச் சிறியவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஓர் அளவால் வகுத்து முழு எண்ணாக்கினால் பல பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தை எழுதிவைக்க இடம் தேவையில்லை. ஸ்வரக் குறிப்பை வைத்துக்கொண்டு கமகத்தை விட்டுவிடுவதைப் போன்றது இது. மறதி நடப்பது இந்த வகுத்தலில்தான். வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாக, சதுரத்தில் சராசரி ஒன்றே மிஞ்சும். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் சராசரி மட்டுமே மிஞ்சினால் நாம் பார்ப்பது ஓடு பதித்த தரை. கட்டம் கட்டமாக உடைகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

1988-ல் லியனார்டோ கியாரிக்லியோனேயும் ஹிரோஷி யசுதாவும் முன்னின்று கூட்டிய எம்பெக் குழு இதனுடன் இன்னொன்றைச் சேர்த்து நிலைப்படுத்திற்று. ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறை ஒரு முழுப்படம். நடுவில் வருபவற்றுக்கு, முன் படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது, நகர்ந்தபின் என்ன வித்தியாசம் என்ற குறிப்பு மட்டும். அடுத்த கணம் முந்தைய கணத்தைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கை இதன் அஸ்திவாரம். ஸ்டாண்டில் நிற்கும் காமிராவுக்கும், நிதானமாக நகரும் நடிகனுக்கும் அந்த நம்பிக்கை பொருந்தும்.

4

1993-ல் விசிடிக்கான விதிகள் வந்தன. அதன் கணக்கு வேடிக்கையானது. பாட்டுக்காகச் செய்யப்பட்ட சி.டி. வினாடிக்கு 1.4 மெகாபிட் வேகத்தில் படிக்கப்படுவது. படமும் ஒலியும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே படத்துக்கு 1.15 மெகாபிட் கிடைத்தது. இது படம் கேட்ட அளவு அன்று. பாட்டு விட்டுவைத்த அளவு. படத்தின் பரிமாணம் 352-க்கு 288 புள்ளிகளாகச் சுருங்கிற்று. இரண்டு அரைப்படங்களில் ஒன்று அடியோடு போயிற்று. வினாடிக்கு 50 சலனங்களாக இருந்தது 25 ஆயிற்று. சுருங்கிய அந்தப் படத்துக்கே ஏறத்தாழ 30 மெகாபிட் வேண்டும். கொடுத்தது அதில் இருபத்தாறில் ஒரு பங்கு. அதுவும் ஒரே சீராக. வெறும் சுவரைக் காட்டும் வினாடிக்கும், கூட்டம் நெரியும் வினாடிக்கும் ஒரே ரேஷன்.

அமெரிக்கா விசிடியைப் பொருட்படுத்தவில்லை, ஆசியா ஏற்றது. சீனாவில் 1993-ல் வான்யான் என்ற நிறுவனம் வீட்டு பிளேயரைக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் இந்தியாவிலும் மலிவான பிளேயர்கள் பரவின. தகட்டுக்குப் பூஞ்சை பிடிக்காது, சுற்றிக்கொள்ளாது, பல்பொடி டப்பா உயரத்துக்கு அடுக்கினால் ஊர்க் கல்யாணமெல்லாம் அடங்கும். கடைகளில் 'காஸெட் சி.டி.யாக மாற்றித் தரப்படும்' என்ற அட்டை தொங்கிற்று.

இப்போது கல்யாண வீடியோவின் மையமான கணத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் முழங்குகிறது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். மூன்று பக்கத்திலிருந்தும் அட்சதை விழுகிறது. ஸ்டில் காமிராக்காரரின் ஃபிளாஷ் வெட்டி ஒரு படத்தை முழுக்க வெளுக்கிறது. வீடியோக்காரர் தோளால் இடித்துக்கொண்டு முன்னே வந்து ஸூம் செய்கிறார்; காமிரா ஆடுகிறது. எம்பெக்கின் ஒவ்வொரு நம்பிக்கையும் இங்கே பொய்க்கிறது. அடுத்த கணம் முந்தைய கணத்தைப் போல் இல்லை. ஓர் அரிசி எங்கே நகர்ந்தது என்று தேடினால் ஆயிரம் அரிசிகள் ஒன்றுபோல் நிற்கின்றன. ஃபிளாஷ் படத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட ஏதுமில்லை. டேப்பின் இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் புதுப்புதுப் புள்ளிகளாக வருவதால், அதுவும் அரிசியைப் போலவே புதிய விவரமாகக் கணக்கில் ஏறி ரேஷனைத் தின்கிறது. மிச்சமாவது சராசரி. எந்தக் கணத்துக்காக வீடியோ எடுக்கப்பட்டதோ, அந்தக் கணத்தில்தான் இந்த முறை மிக மோசமாகத் தோற்கிறது. இது தற்செயலல்ல. கூட்டமும் ஆட்டமும் தூவலும் நம் சடங்கின் உச்சம். அந்தக் கணித முறைக்கு அவை விதிவிலக்கு.

ஒரே வி.எச்.எஸ். டேப்பிலிருந்து எடுத்த மூன்று பிரதிகளை நான் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன்: ஒரு விசிடி, மூன்று மணி நேரத்தை அடைத்த ஒரு டிவிடி, ஒரு மணி நேரம் மட்டுமே வைத்த ஒரு டிவிடி. விசிடியில் அட்சதை இல்லை. மஞ்சள் கலந்த சதுரங்கள் மேலிருந்து இறங்கின. மாப்பிள்ளையின் விரல்களும் தாலிக்கயிறும் ஒரே பிண்டம். இரண்டாவதில் அட்சதை தெரிந்தது. பின் வரிசையில் நின்றவர்களின் முகங்கள் ஓடுகளாயின. மூன்றாவதில் படம் டேப்பைவிடத் தெளிவாக இல்லை, டேப்பின் அளவுக்கே மங்கல். ஆனால் பின் வரிசையில் ஒரு கிழவி கையைத் தூக்கி அட்சதை போடுவது தெரிந்தது. அவர் யாரென்று பார்த்தவர்களால் சொல்ல முடிந்தது.

5

மூன்றுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் வெறும் வகுத்தல் கணக்கு. 1995-ல் விதிகள் முடிவாகி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் கொள்வது. அதை 3760 கோடி பிட் என்று எழுதி, வினாடிகளால் வகுத்துப் பார்க்கலாம். இரண்டு மணி நேரமென்றால் வினாடிக்கு 5.2 மெகாபிட். மூன்று மணியென்றால் 3.5. ஆறு மணி நேரத்தை அடைத்துக்கொடுத்தால் 1.7, ஏறத்தாழ விசிடிக்கே திரும்பிவிட்டோம். 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட பால் படத்துக்குச் சுருக்காத நிலையில் ஏறத்தாழ 124 மெகாபிட் வேண்டும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு மணி நேரத் தகட்டில் இருப்பது இருபத்துநான்கில் ஒரு பங்கு.

இதே 5 மெகாபிட்டில் சினிமா அழகாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். சினிமா வினாடிக்கு 24 முழுப்படம். வெளிச்சம் திட்டமிட்டு வைத்தது. இரைச்சல் குறைந்த மூலம். அதோடு, பெரிய ஸ்டூடியோக்களில் சுருக்குவதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்து, இந்தக் காட்சிக்கு இவ்வளவு கொடு, அந்தச் சுவருக்குக் குறைத்துக்கொள் என்று காட்சி காட்சியாகப் பங்கிடுவார். வீட்டு வீடியோவுக்கு அந்த ஆள் இல்லை.

இந்த இடத்தை இட்டு நிரப்பியவர்கள் பெயர் தெரியாத அமெச்சூர்கள். 2001-ல் பயனீர் நிறுவனத்தின் டிவிடி பதியும் கருவி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அவெரி லீயின் வர்ச்சுவல்டப், பென் ருடியாக்-கூல்டின் அவிசிந்த் போன்ற இலவச மென்பொருள்கள் புழக்கத்துக்கு வந்திருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு உலகெங்கும் தங்கள் குடும்ப டேப்புகளோடு போராடியவர்கள் கண்டடைந்த முறைகளை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை வேண்டாமென்று சொல்லும் கட்டுப்பாடாகவே இருக்கிறது.

முதலாவது, நகலை விட்டு மூலத்துக்குப் போவது. கடையில் எடிட் செய்யாத டேப் எங்காவது இருந்தால் அதுவே தேவை. விசிடியிலிருந்து டிவிடி எடுப்பது பயனற்றது; தொலைந்த எண்கள் திரும்பி வாரா. இரண்டாவது, ஓட்டும் டெக். தலையைச் சுத்தம் செய்து, டிராக்கிங் சரிசெய்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் தரும் எஸ்-வீடியோ வழியாக எடுத்தால், இரண்டும் ஒன்றாகிப் பின் பிரிக்கப்படும் சேதம் குறையும். டேப் இழுபடுவதால் வரிகள் முன்பின்னாக வந்து தூண்கள் நெளியும். அவற்றை நேரப்படுத்தி அடுக்கும் டைம் பேஸ் கரெக்டர் இருந்தால், தூண் அசையாமல் நிற்கும். நெளியாத தூணுக்கு எம்பெக் பிட் செலவழிப்பதில்லை.

மூன்றாவது, கம்ப்யூட்டருக்குள் எடுக்கும்போதே எம்பெக்காகச் சுருக்காமல், இழப்பில்லாத முறையில் எடுத்து வைத்துக்கொள்வது. சுருக்கியதை எடிட் செய்து மறுபடி சுருக்குவது பழைய கடையின் மூன்றாம் தலைமுறைதான், வேறு வேஷத்தில். டி.வி. என்று பெயர் பெற்ற 1995-ன் டிஜிட்டல் டேப்பில் எடுத்தவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. அதில் வினாடிக்கு 25 மெகாபிட். ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சுருக்கப்படுவது. கம்பி வழியே நஷ்டமின்றி நகலெடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட் ஆகும்.

நான்காவது, அரைப்படங்கள். டிவிடி அவற்றை அப்படியே ஏற்கும். அவற்றை ஒட்டி முழுப்படமாக்கினால் சலனத்தில் பாதி போய்விடும். ஒட்டாமல் விட்டாலும் எந்த அரைப்படம் முதலில் என்பது மாறிவிடக் கூடாது. டி.வி. டேப்பில் கீழ்வரி முதலில். பல பதிவு அட்டைகளில் மேல்வரி முதலில். மாறிப்போனால் ஆரத்தித் தட்டு மூன்றடி முன்னே போய் ஓரடி பின்னே வரும். படம் நடுங்குகிறது என்று டேப்பைக் குறை சொல்லுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது எனக்கு மிகவும் பிடித்தது. வி.எச்.எஸ். டேப்பில் குறுக்கே 320 புள்ளிகளுக்கு மேல் உண்மையான விவரம் கிடையாது. அதை 720 புள்ளியாக இழுத்தால் விவரம் கூடாது, சதுரங்கள்தான் கூடும்: 6480. டிவிடி விதிகள் 352-க்கு 576 என்ற பாதி அகலத்தையும் அனுமதிக்கின்றன. அதில் 3168 சதுரங்கள். அதே பிட்டைப் பாதிச் சதுரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரு பங்கு கிடைக்கும். எண்ணைக் குறைத்தால் படம் கூடுகிறது. பெரிய எண்ணே உயர்ந்தது என்ற விளம்பர நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படத்தின் அடியில் கிழிசலாகத் தெரியும் சில வரிகளைக் கறுப்பால் மூடிவிடுவது. ஒலியைச் சுருக்காமல் வைத்தால் 1.5 மெகாபிட் போகும். டால்பி முறையில் 0.2 போதும். எஞ்சியது படத்துக்கு. ஒருமுறை முழுக்க அளந்து, மறுமுறை பங்கிடும் இரட்டை ஓட்டம்: சுவரிடமிருந்து எடுத்து அட்சதைக்குக் கொடுக்கும் முறை இது. ஒரு தகட்டுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. வேகம் 8 மெகாபிட்டைத் தாண்டாமல் இருந்தால் பழைய பிளேயர்கள் தடுமாறா. இரைச்சலை நீக்கும் வடிகட்டியைக் குறைவாகவே போடுவது. மிகுந்தால் இரைச்சலோடு அட்சதையும் போய், முகங்கள் மெழுகாகும். பதியும் வேகத்துக்கும் படத்தின் தெளிவுக்கும் சம்பந்தமில்லை. நிதானமான வேகம் தகடு பின்னாளில் படிக்கப்படுவதற்கு உதவும், அவ்வளவே.

6

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. வகுத்தலில் முதலில் பூஜ்யமாவது சிறிய எண் என்றேன். சிறிய எண் எங்கிருந்து வருகிறது? வெளிச்ச வேறுபாடு குறைந்த இடத்திலிருந்து. பந்தலின் நிழலில், டியூப் லைட்டின் அடியில், வீடியோ விளக்கு எட்டாத பின் வரிசையில் நிற்கும் கறுத்த முகம் ஒன்றில், கன்னத்துக்கும் தாடைக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சில படிகளே. எந்த முறைப்படியும் அது முக்கியமற்ற விவரம். ஜரிகையும் சீரியல் பல்பும் வேறுபாடு மிகுந்தவை. பெரிய எண்களாக வருபவை. ஆக, ஜரிகை பிழைத்துக்கொள்கிறது, முகம் போய்விடுகிறது.

யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் படச் சாதனங்களின் சரித்திரத்தில் இது முதல் முறையும் அல்ல. கலர் ஃபிலிமின் நிறத்தைச் சரிபார்க்க கோடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். அதற்குச் சரியானால் எல்லாவற்றுக்கும் சரி என்றிருந்தது. சராசரிக் கண், சராசரிப் படம், சராசரி முகம் என்று வைத்துக்கொண்டு எழுதப்படும் விதியில், அச்சராசரிக்கு வெளியே நிற்பவர்கள் சுருக்கத்தில் முதலில் போகிறார்கள். இலக்கியச் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கும் இது அந்நியமான செய்தி அன்று.

இதற்குப் பரிகாரம் இருட்டுப் பகுதியைக் கண்டபடி வெளுப்பதில் இல்லை. அப்படிச் செய்தால் டேப்பின் இரைச்சலும் வெளுத்துப் பெருகும். நேரத்தைக் குறைத்துப் பிட்டைக் கூட்டுவதே வழி. எந்தப் பகுதியை விட்டுக் கொடுப்பது என்பதை வீட்டார் முடிவு செய்ய வேண்டும். வரவேற்பில் மூன்று மணி நேரம் வரிசையாக வந்து கைகுலுக்கியவர்களை ஒரு தகட்டிலும், முகூர்த்தத்தின் அரை மணியைத் தனித் தகட்டிலும் வைக்கலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தகட்டில் அடக்கித் தருவதாகச் சொல்வது சலுகையாகத் தோன்றும். அதன் விலையைப் பின் வரிசை கொடுக்கிறது.

7

தகட்டில் ஏற்றியாயிற்று என்று டேப்பைக் குப்பையில் போட்டவர்கள் அநேகம். இந்தச் சரித்திரத்தில் ஆகப் பெரிய இழப்பு அதுவே. நாம் பதியும் தகட்டில் லேஸர் சுடுவது ஒரு கரிமச் சாயப் படலத்தை; வெயிலிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் சாயம் மெல்ல மாறும். டேப் மங்கினால் மங்கலாகவாவது காட்டும். தகடு ஓர் எல்லை வரை அப்பழுக்கில்லாமல் காட்டி, பிறகு திடீரென்று எதையும் காட்டாது. இரண்டின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திற்று. 2025 பிப்ரவரியில் ஸோனி வெற்று ப்ளூ-ரே தகடுகளின் தயாரிப்பை நிறுத்திற்று.

இப்போது இரண்டு பாதைகள் தெரிகின்றன. ஒன்று, டெக்கின் மின்னணுச் சுற்றுகளைத் தாண்டி, தலை டேப்பிலிருந்து எடுக்கும் அலையையே நேராகக் கம்ப்யூட்டரில் பதிந்து, படமாக்கும் வேலையை மென்பொருளிடம் விடுவது. அமெச்சூர்கள் உருவாக்கிய இந்த முறையில், எண்பதுகளில் எந்த டெக்கும் காட்டாத அளவுக்கு டேப்பின் விவரம் கிடைக்கிறது. டேப்பை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். மற்றது, செயற்கை அறிவைக் கொண்டு மங்கல் படத்தைப் பெரிதாக்கித் துலக்குவது. அதில் மேலே சொன்ன கிழவியின் முகம் பளிச்சென்று வரும். கண் இமை தெரியும், தோலின் துளை தெரியும். ஆனால் அவை அவருடையவை அல்ல. அந்த மென்பொருள் பயின்ற எண்ணற்ற வேறு முகங்களிலிருந்து ஊகித்து வரைந்தவை. பழைய முறை அவரை மறந்தது. புதிய முறை அவரிடத்தில் வேறொருவரை உட்கார்த்தி அவர் பெயரைச் சொல்கிறது. மறதிக்காவது நேர்மை உண்டு. ஓட்டைத் தரையைப் பார்த்தால் ஏதோ தொலைந்திருக்கிறது என்று தெரியும்.

தெளிவும் தரமும் ஒன்றல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். தரம் என்பது மூலத்தில் இருந்ததற்கும் நாம் பார்ப்பதற்கும் உள்ள உறவின் நாணயம். அப்படிப் பார்த்தால் தகடு ஒரு பார்வைப் பிரதி மட்டுமே. உறவினருக்குக் கொடுக்கலாம், பண்டிகை நாளில் போட்டுப் பார்க்கலாம். இழப்பில்லாமல் எடுத்த கோப்பு ஒன்று, இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். டேப் அதன் உறைக்குள், ஈரம் படாத இடத்தில், புத்தகத்தைப்போல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் முதுகில் பெயரும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். பின் வரிசையில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தால், அவற்றையும்.